நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே தேடும் மெத்திலேற்றப் பரிசோதனை: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊட்டியிலோ கூடலூரிலோ வீட்டுப் பெரியவர் ஒருவர் நீண்ட நாளாக இருமிக்கொண்டிருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு விளம்பரத்தைக் கைப்பேசியில் அனுப்புகிறார்: ஒரு குழாய் இரத்தம் கொடுத்தால் போதும், நுரையீரல் புற்றுநோய் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கீழே சிறிய எழுத்தில் "டி.என்.ஏ. மெத்திலேற்றம்" என்று போட்டிருக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூலக்கூறு ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். குடும்பம் கோத்தகிரிப் பக்கம். ஆய்வகத்தின் நியாயமும் மலையில் இருப்பவர்களின் சிரமமும் ஓரளவு தெரியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெத்திலேற்றம் என்பது டி.என்.ஏ.யில் ஒட்டும் ஒரு சிறு வேதி அடையாளம் (படி 4இல் விளக்குகிறேன்). அதைப் படிக்கும் அறிவியல் உண்மையானது, மிகுந்த நம்பிக்கை தருவதும்கூட. ஆனால் நாம் தட்ட வேண்டிய முதல் கதவு அது அல்ல. இருமலுக்கான சோதனை, அபாயக் கணக்கு, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றுக்குப் பிறகு வர வேண்டியதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தால் பணம் கரையும். அதைவிட முக்கியமாக, நோயாளியின் மாதங்கள் கரையும்.

படி 1: இருமல் இருந்தால் விளம்பரத்தை மூடி வையுங்கள்

முன்கூட்டியே கண்டறிதல் என்பது அறிகுறி எதுவும் இல்லாதவருக்குச் செய்வது. அறிகுறி வந்துவிட்டவருக்குத் தேவை நோயறிதல். அதற்கான பாதை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். குன்னூர் லாலி அரசு மருத்துவமனை, கோத்தகிரி, கூடலூர் அரசு மருத்துவமனைகள், 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் திறக்கப்பட்ட ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று எது பக்கமோ அங்கே போங்கள். சளியில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், மாறாத குரல் கம்மல், தோள்பட்டைக்கு ஏறும் வலி, விரல் நுனி பருத்து நகம் வளைதல், நுரையீரலின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடப் பொறுக்க வேண்டாம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் தாமதமாகத் தெரிவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்றே எடுத்துக்கொள்வது. இருமல், எடைக் குறைவு, இரத்தம் கலந்த சளி என்று இரண்டு நோயும் ஒரே முகத்தோடு வருகின்றன. சளியில் கிருமி உறுதியாகாமலேயே காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, சில வாரங்கள் கழிந்தும் தேறவில்லை என்றால், "டாக்டர், அப்பாவுக்குச் சளியில் கிருமி வரவில்லை, மருந்துக்கும் கேட்கவில்லை. சி.டி. எடுத்துப் பார்க்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்ற ஆறுதலையும் முழுதாக நம்ப முடியாது. இதயத்தின் பின்புறமோ காரை எலும்பின் அடியிலோ இருக்கும் சிறு கட்டி எக்ஸ்ரேயில் எளிதில் ஒளிந்துகொள்ளும். அறிகுறி தொடர்ந்தால் எக்ஸ்ரேயோடு நிறுத்த வேண்டாம்.

படி 2: வீட்டில் உட்கார்ந்தே அபாயக் கணக்கு போடுங்கள்

அறிகுறி இல்லை, ஆனால் பயம் இருக்கிறது என்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். ஒரு நாளைக்குப் பிடித்த சிகரெட்டுகளை 20 ஆல் வகுத்து, பிடித்த ஆண்டுகளால் பெருக்குங்கள். வருவது பாக்கெட் ஆண்டுக் கணக்கு. நாளுக்கு 10 சிகரெட் வீதம் 40 ஆண்டு பிடித்தவருக்கு 20 பாக்கெட் ஆண்டுகள். அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வயது 50 முதல் 80க்குள் இருந்து, 20 பாக்கெட் ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகி, இன்னும் புகைப்பவர்களும் விட்டு 15 ஆண்டு ஆகாதவர்களும் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டியவர்கள். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய்க்குத் தேசிய அளவிலான பரிசோதனைத் திட்டம் கிடையாது. ஆகவே இந்த எண்ணை மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குவதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டங்களில் பலருக்குச் சிகரெட் அல்ல, பீடிதான் பழக்கம். பீடியில் புகையிலை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று கணக்குப் போட வேண்டாம். நாளுக்கு எத்தனை, எத்தனை ஆண்டு என்று தனியாக எழுதுங்கள். எடைபோடுவதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

மலைக்கென்று இன்னொரு கணக்கு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் சன்னலை இறுக அடைத்துக்கொண்டு, விறகடுப்பையும் கணப்பையும் சுற்றித்தான் வீடு வாழ்கிறது. தோட்டத் தொழிலாளர் லயன் வீடானாலும் படகர் ஊரான ஹட்டியில் இருக்கும் வீடானாலும் அந்தப் புகை வெளியேற வழி குறைவு. வீட்டுக்குள் எரிக்கும் விறகின் புகை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் வகைப்பாடு. பீடியைக் கையால் தொடாத அம்மாவும் பாட்டியும் எத்தனை ஆண்டு அந்த அடுப்படியில் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். புகைக்காத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. "அம்மாவுக்கு எப்படி வரும்?" என்ற எண்ணத்தாலேயே அவர்களுடைய இருமலைக் கடைசியாகக் கவனிக்கும் வீடுகள் இருக்கின்றன; அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

அதே தாளில் முன்பு வந்த காசநோய், நாள்பட்ட மூச்சடைப்பு, இரத்த உறவில் யாருக்காவது நுரையீரல் புற்றுநோய், கல்நார் அல்லது டீசல் புகையோடு செய்த வேலை ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள்.

படி 3: சி.டி. ஸ்கேனை முதலில் பேசுங்கள்

நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே தேடி உயிரைக் காப்பாற்ற முடியும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபித்திருப்பது குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன்தான். அமெரிக்காவில் 53,454 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. ஆண்டுக்கு ஒன்றாக மூன்று முறை இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே, மார்பு எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது. 2020இல் வெளிவந்த நெதர்லாந்து, பெல்ஜியம் ஆய்விலும் ஆண்களிடம் பத்தாண்டில் 24 விழுக்காடு குறைவு. எந்த இரத்தப் பரிசோதனைக்கும் இன்றுவரை இப்படி ஒரு சான்று கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. அதே அமெரிக்க ஆய்வில் ஸ்கேனில் "சந்தேகம்" என்று வந்தவற்றில் 96 விழுக்காட்டுக்கு மேல் கடைசியில் புற்றுநோயாக இருக்கவில்லை. பழைய காசநோய்த் தழும்புகள் மலிந்த நம் ஊரில் இந்தத் தொல்லை இன்னும் கூடும். ஆகையால் பழைய எக்ஸ்ரே, காசநோய் சிகிச்சை அட்டை, பழைய சி.டி. குறுந்தகடு என்று வீட்டில் எது இருந்தாலும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்தாண்டுக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தது என்று காட்ட முடிந்தால் ஒரு திசுப் பரிசோதனையையே தவிர்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவாவது பழைய படங்களைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

முன்பதிவு செய்யும்போது "குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். சி.டி. இயந்திரம் இருக்கும் எல்லா இடத்திலும் தானாக அப்படி எடுத்துவிட மாட்டார்கள்.

படி 4: மெத்திலேற்றம் என்றால் என்ன?

இனிதான் விளம்பரத்தின் பொருளுக்கு வருகிறோம். நம் உடலில் நுரையீரல் செல்லுக்கும் தோல் செல்லுக்கும் இருக்கும் டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றே. எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. அடக்கி வைக்கும் வழிகளில் ஒன்று மெத்திலேற்றம். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் கொண்ட மெத்தில் என்ற சின்னஞ்சிறு தொகுதி, டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினில் போய் ஒட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில்தான் ஒட்டும். அப்படிப்பட்ட இடங்கள் மனித மரபுத்தொகுதியில் சுமார் 2.8 கோடி.

தேயிலைத் தோட்டத்தில் மருந்து அடித்த பாத்திக்கு ஒரு துணியைக் கட்டிவிட்டால் கொழுந்து பறிப்பவர்கள் அந்த வரிசைக்குள் கை வைக்க மாட்டார்கள். செடி வெட்டுப்படவில்லை, வேர் பிடுங்கப்படவில்லை; பறிப்பு மட்டும் நிற்கிறது. மெத்தில் ஒட்டிய மரபணுவும் அப்படித்தான். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் செல் அதைப் படிப்பதில்லை.

ஆரோக்கியமான செல்லில் பல மரபணுக்களின் தொடக்கப் பகுதி மெத்தில் இல்லாமல் திறந்திருக்கும். புற்றுநோய் செல்லில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. பொதுவாக மெத்தில் இருக்க வேண்டிய பரந்த பகுதிகள் அதை இழக்கின்றன. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி16 போன்ற காவல் மரபணுக்களின் வாசலில் மெத்தில் அடர்ந்து ஒட்டி அவற்றை ஊமையாக்கிவிடுகிறது. தேடுபவர்களுக்கு இதில் இரண்டு வசதிகள். ஒன்று, கட்டி படத்தில் தெரியும் அளவுக்கு வளர்வதற்கு முன்பே இந்த மாற்றம் தொடங்கிவிடக்கூடும். மற்றொன்று, மரபணுப் பிறழ்வுகள் ஆளுக்கு ஆள் வேறு வேறு இடத்தில் வருகின்றன. மெத்தில் ஒட்டும் இடங்களோ ஒரே வகைப் புற்றுநோய் உள்ள பலரிடம் ஒத்துப்போகின்றன. எங்கே தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இந்தத் துறைக்கே ஊக்கம் கொடுத்தது. ஸ்குவாமஸ் வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்கள் முன்பு கொடுத்திருந்த சளி மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, நோய் உறுதியாவதற்கு மூன்றாண்டு வரை முன்பே பி16, எம்.ஜி.எம்.டி. மரபணுக்களில் மெத்திலேற்றம் தெரிந்தது. புற்றுநோய் இல்லாத, ஆனால் அபாயம் அதிகமுள்ள சிலரின் சளியிலும் அதே அடையாளம் இருந்தது. நம்பிக்கை, சிக்கல் இரண்டும் அந்த ஒரே ஆய்விலேயே கிடைத்துவிட்டன.

ஏனென்றால் மெத்தில் அடையாளம் எல்லாம் புற்றுநோய் அடையாளம் அல்ல. வயது ஏற ஏற அது மாறுகிறது. புகையால் மாறுகிறது. ஏ.எச்.ஆர்.ஆர். என்ற மரபணுவில் ஓர் இடம் இருக்கிறது; புகைப்பவர்களின் இரத்தத்தில் அந்த இடத்தில் மெத்தில் குறைந்துவிடும். அது காட்டுவது புகைத்த வரலாற்றை. புகையை விட்ட பிறகு ஆண்டுக்கணக்கில் அது மெல்ல மெல்ல மீண்டு வருவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். விடுவதற்கு உதவி வேண்டுபவர்கள் 1800 11 2356 என்ற இலவச தேசியத் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் செயல்படுத்துவீர்கள் என்றால் அது இந்த எண்ணாக இருக்கட்டும்.

படி 5: ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடலில் செல்கள் இறந்துகொண்டே இருக்கின்றன, அவற்றின் டி.என்.ஏ. சுமார் 167 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக இரத்தத்தில் மிதக்கிறது. கட்டி இருந்தால் அதன் துண்டுகளும் அதில் கலந்திருக்கும். அவற்றைப் பைசல்ஃபைட் என்ற வேதிப்பொருளோடு சேர்த்தால், மெத்தில் ஒட்டாத சைட்டோசின் வேறு எழுத்தாக மாறிவிடும், ஒட்டியது மாறாது. பிறகு பி.சி.ஆர். முறையிலோ டி.என்.ஏ. எழுத்துகளை வரிசையாகப் படிக்கும் இயந்திரத்திலோ பார்த்தால் எது எது மெத்தில் ஒட்டியது என்று தெரிந்துவிடும்.

சொல்வதற்கு எளிது. செய்வதில் இருக்கும் சிரமம், துண்டுகளின் எண்ணிக்கை. 10 மில்லி இரத்தத்தைப் பிரித்தால் 4, 5 மில்லி பிளாஸ்மா (செல்களை நீக்கிய நீர்ப் பகுதி) கிடைக்கும். அதிலிருந்து 20 நானோகிராம் டி.என்.ஏ. கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரபணுவின் ஏறத்தாழ 6,000 நகல்கள் அதில் இருக்கும். தொடக்க நிலைக் கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று என்றால், அந்தக் குழாயில் கட்டியிலிருந்து வந்த நகல் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இயந்திரம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் குழாயில் இல்லாததைப் படிக்க முடியாது. அதனால்தான் ஒரு மரபணுவை மட்டும் நம்பாமல் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இடங்களைச் சேர்த்துப் படிக்கும் பரிசோதனைகள் வந்தன. அவற்றுக்கும் முதல் நிலைக் கட்டிதான் கடினம்.

நுரையீரலுக்கு அருகிலிருந்தே மாதிரி எடுத்தால் நிலைமை சற்று மேல். ஷாக்ஸ்2 என்ற மரபணுவின் மெத்திலேற்றத்தை மூச்சுக்குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த திரவத்தில் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வில், புற்றுநோய் இருந்தவர்களில் 68 விழுக்காட்டினரை அது கண்டுபிடித்தது. இல்லாதவர்களில் 95 விழுக்காட்டினரைச் சரியாக "இல்லை" என்றது. சீனாவில் ஷாக்ஸ்2, ராஸ்எஃப்1ஏ இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறை மருத்துவப் பயன்பாட்டில் இருக்கிறது. பெர்லினைச் சேர்ந்த எபிஜீனோமிக்ஸ் நிறுவனம் ஷாக்ஸ்2, பி.டி.ஜி.ஈ.ஆர்.4 என்ற இரண்டையும் இரத்தத்தில் பார்க்கும் பரிசோதனையை உருவாக்கியது. ஆனால் மூச்சுக்குழாய்த் திரவம் எடுக்க உள்ளே குழாய் விட வேண்டும். ஏற்கெனவே சந்தேகம் எழுந்து மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கான சோதனை அது. ஆரோக்கியமாக நடமாடுபவருக்கு அல்ல.

படி 6: "95 விழுக்காடு" என்பதைத் தாளில் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் ஏமாறுகிறார்கள் என்பதால் நிதானமாகப் போவோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அபாயம் அதிகமுள்ள 1,000 பேர் என்று வையுங்கள். அவர்களில் 10 பேருக்கு உண்மையில் நுரையீரல் புற்றுநோய் இருக்கிறது. யாருக்கு என்று தெரியாது. பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 70 விழுக்காட்டைப் பிடிக்கிறது. நோய் இல்லாதவர்களில் 95 விழுக்காட்டைச் சரியாக விடுவிக்கிறது. அப்படியானால் 10 பேரில் 7 பேர் பிடிபடுவார்கள், 3 பேர் "இல்லை" என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போவார்கள். மீதி 990 பேரில் 5 விழுக்காடு, ஏறத்தாழ 50 பேருக்குத் தவறாக "இருக்கிறது" என்று வரும். ஆக, "இருக்கிறது" என்ற அறிக்கை கையில் உள்ள 57 பேரில் உண்மையான நோயாளிகள் 7 பேர். எட்டில் ஒருவர்.

95 என்ற எண்ணைப் பார்த்ததும் "இருக்கிறது என்று வந்தால் 95 விழுக்காடு நிச்சயம்" என்று நினைத்துக்கொள்வது இயல்பு. அது தவறு. அந்த எண் நோய் இல்லாதவர்களைப் பற்றியது. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் சோதனை செய்தால், சிறிய பிழை விழுக்காடும் தலைக்கணக்கில் பெரிதாகிவிடும். அபாயமே இல்லாத 30 வயதுக்காரர்களிடம் இதே சோதனையைச் செய்தால் விகிதம் இன்னும் மோசமாகும்.

நோய் இல்லாதவருக்குத் தவறாக "இருக்கிறது" என்று சொல்வதை 0.5 விழுக்காடு வரை குறைத்த பரிசோதனைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் கேலரி பரிசோதனை பல புற்றுநோய்களை ஒரே இரத்தக் குழாயில் மெத்திலேற்றத்தின் வழியே தேடுகிறது. 2021இல் வெளியான அதன் ஆய்வில், நோய் இல்லாதவர்களில் 99.5 விழுக்காட்டினருக்குச் சரியாக "இல்லை" என்று வந்தது. நல்ல எண். ஆனால் எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, நோய் உள்ளவர்களைப் பிடித்த விழுக்காட்டை நிலைவாரியாகப் பாருங்கள் (முதல் நிலை என்றால் கட்டி தொடங்கிய இடத்திலேயே சிறிதாக இருப்பது, நான்காம் நிலை என்றால் உடலில் தொலைவுக்குப் பரவியது): முதல் நிலையில் 16.8, இரண்டாம் நிலையில் 40.4, மூன்றாம் நிலையில் 77.0, நான்காம் நிலையில் 90.1. எந்த நிலையில் பிடித்தால் அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பு அதிகமோ அந்த நிலையில்தான் எண் தாழ்ந்திருக்கிறது. விளம்பரத்தில் நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகப் போட்டிருந்தால், நிலைவாரியாகக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

படி 7: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி மேலே சொன்னதுதான்: முதல் நிலை நுரையீரல் புற்றுநோயில் மட்டும் எத்தனை விழுக்காடு பிடிக்கும்? இரண்டாவது கேள்வியை நம் ஊருக்காக நானே சேர்க்கிறேன்: யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்கள்? புற்றுநோயாளிகளை ஒரு பக்கமும் புகைக்காத இளைஞர்களை மறுபக்கமும் நிறுத்தினால் எந்தப் பரிசோதனையும் பிரமாதமாகத் தெரியும். அது கண்டுபிடித்தது புற்றுநோயை அல்ல, வயதையும் புகையையுமாக இருக்கலாம். அதே வயதுள்ள, புகைக்கும், புற்றுநோய் இல்லாதவர்கள் ஒப்பீட்டில் இருந்தார்களா? காசநோய் வந்து குணமானவர்கள் இருந்தார்களா? இந்தியர்களிடம் சோதித்தார்களா? விற்பனைப் பிரதிநிதியால் பதில் சொல்ல முடியாவிட்டால் வெளியான ஆய்வுக் கட்டுரையின் நகலைக் கேட்டு வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள்.

"இருக்கிறது" என்று வந்தால் அடுத்து என்ன, அதற்கு யார் செலவு செய்வார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். கேலரி பரிசோதனையின் விலை அமெரிக்காவில் 949 டாலராக அறிவிக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையோடு செலவு முடிவதில்லை; சி.டி., பெட் சி.டி., திசுப் பரிசோதனை என்று தொடரும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்தப் பரிசோதனை அதில் அடங்கும், எது அடங்காது என்று மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

படி 8: மலையிலிருந்து மாதிரி கொடுக்கும்போது

இத்தனையும் யோசித்த பிறகு, மருத்துவரும் சம்மதித்து, பரிசோதனை செய்வது என்று முடிவானால் மாதிரியில் கவனம் வேண்டும். இரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த இரத்தத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் வெள்ளை அணுக்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. கொட்டிவிடும், ஏற்கெனவே அரிதாக இருக்கும் கட்டியின் துண்டுகள் அந்த வெள்ளத்தில் மூழ்கிப்போகும். இதைத் தடுக்கும் பாதுகாப்பு மருந்து சேர்த்த தனிக் குழாய்கள் உண்டு. அவை அறை வெப்பத்தில் நாள்கணக்கில் தாங்கும். பரவலாகப் பயன்படும் வகைக்கு 6 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை என்று வரம்பு.

அந்த வரம்பைப் படிக்கும்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். ஜனவரி இரவில் ஊட்டியில் வண்டிக்குள் விட்டுவைத்த குழாய் 6 டிகிரிக்குக் கீழே போய்விடும். அதே வகைக் குழாய் ஏப்ரல் மதியத்தில் மேட்டுப்பாளையத்தில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் 37ஐத் தாண்டிவிடும். ஒரே பாதையில் இரண்டு எல்லையும் இடிக்கக்கூடிய ஊர் நம்முடையது. வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பதாகச் சொன்னால், எந்தக் குழாய், எப்படிப்பட்ட பெட்டி, எத்தனை மணிக்குள் எந்த ஆய்வகம் சேரும் என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கோயம்புத்தூருக்கு நேரில் போய்க் கொடுப்பதே மேல். சி.டி.க்காக எப்படியும் இறங்க வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பாதுகாப்பு என்று நீங்களாக வைத்துவிடாதீர்கள். குழாயின் மேல் எழுதியிருப்பதே விதி.

படி 9: அறிக்கை வந்த பிறகு

"இருக்கிறது" என்று வந்தால் அது நோயறிதல் அல்ல. சி.டி. எடுத்து, சந்தேகமான இடம் தெரிந்தால் அங்கிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே புற்றுநோய் என்று சொல்ல முடியும். அதற்கு முன் யாரும் கீமோ தொடங்கப்போவதில்லை. உறவினர்களுக்குச் சொல்லி அழவும் வேண்டியதில்லை. அறிக்கையில் "இருக்கிறது", ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் எத்தனை மாதத்தில் மறுபடி பார்ப்பது என்பதை நுரையீரல் மருத்துவரிடம் கேட்டு, தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"இல்லை" என்று வந்தால் அதிகம் கவனமாக இருங்கள். மேலே கணக்கில் பார்த்த மூன்று பேர் கையில் இருந்ததும் இதே அறிக்கைதான். அபாயக் கணக்கில் ஸ்கேன் தேவை என்று வந்தவருக்கு இந்த அறிக்கையால் ஸ்கேன் தேவையில்லாமல் போகாது. "ரத்தத்திலேயே பார்த்துவிட்டோம், ஒன்றும் இல்லை" என்று பீடியைத் தொடர்பவரிடம் அம்மாவோ மருமகளோ தைரியமாகப் பேச வேண்டியிருக்கும்.

மெத்திலேற்றப் பரிசோதனை உண்மையிலேயே கைகொடுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. சி.டி.யில் நடுத்தர அளவில் ஒரு புள்ளி தெரிகிறது. காசநோய்த் தழும்பா, கட்டியா என்று சொல்ல முடியவில்லை. குத்தித் திசு எடுப்பதும் ஆபத்து. அந்த நிலையில் இன்னொரு தடயமாக மருத்துவர் இதைக் கேட்டால் செய்யலாம். இந்தத் திசையில் நடக்கும் ஆய்வுகள்மேல் எனக்கு மிகுந்த எதிர்பார்ப்பு உண்டு. காசநோயும் புகையும் ஒன்றாக இருக்கும் நம்மைப் போன்ற ஊர்க்காரர்களைச் சேர்த்து அவை நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மறுபரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது மழையையும் பாருங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஊட்டி வழியாக இறங்க ஒரு நாள் முழுதும் போய்விடும். தென்மேற்குப் பருவமழையில் அந்தப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி மலைப்பாதைகளிலும் மண் சரிந்து வழி அடைபடுவது உண்டு. தேதி தவறிப்போனால் அடுத்த வாரமே மாற்றித் தருவார்களா என்று கேட்டு, மருத்துவமனையின் தொலைபேசி எண்ணை அறிக்கை உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.